குளுகுளு சாமியும் கொதிக்கிற பெட்டியும்

வெயில் மண்டையைப் பிளந்த அந்தக் கோடையில், குளுகுளு சாமியைப் பார்க்க நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியது. உள்ளே போனவர்களுக்குப் பல் தந்தியடித்தது. மின்விசிறி கிடையாது, ஜன்னல் கிடையாது. பட்டுத் திரைக்கு முன்னால் சாமி கண்மூடி உட்கார்ந்திருப்பார். மேனியிலிருந்து குளிர் புறப்படும். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் பாவமாம். நல்ல ஏற்பாடு.

மழை பொய்த்து, குளம் வெடித்துக் கிடந்த வருடம் அது. புகையைக் குறையுங்கள், மரத்தை விட்டுவையுங்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் கேட்டார்கள்? அதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமே. சாமி உண்டியலில் காசு போட்டால் தீர்ந்தது.

சாமி வீட்டின் பின்சுவரை ஒட்டிக் குடியிருந்த தையல்காரிக்குத்தான் தனிப் பாக்கியம். அவள் ஜன்னலுக்கு வெளியே சீடன் ஒரு பெட்டியைப் பொருத்தி, துணித்திரை தொங்கவிட்டிருந்தான். "உன் பாவமெல்லாம் இது வழியா ஆவியாப் போகும். தொறந்து பாத்துடாதே." பெட்டி ஓயாமல் உறுமியது, அனல் கக்கியது. அறையில் இருக்க முடியாமல் அவள் தையல் மெஷினை வாசல் மரத்தடிக்கு இழுத்துப் போனாள். பெட்டிமேல் காலையில் வைக்கிற பூ மதியத்துக்குள் கருகிவிடும். இத்தனை பாவமா செய்திருக்கிறோம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இப்போது சாமி அந்த மரத்தையே கேட்டார். "சூரியனோட கோபம் அதுலதான் எறங்குது. வெட்டிடு." வெட்டி எடுத்துப்போகச் சாமியின் மச்சான் கோடரியும் வண்டியுமாக வந்து நின்றான். அவனுக்கு மரக்கடை. மரம் போனால் எங்கே உட்கார்ந்து தைப்பது, எதைத் தின்பது? ஆனாலும் சாமி வாக்காயிற்றே, மெஷினை மரத்தடியிலிருந்து நகர்த்தத் தொடங்கினாள்.

பஸ் ஓட்டுகிற நாத்தனார் அன்று விடுப்பில் வந்திருந்தாள். அறைக்குள் கால் வைத்ததும் முகம் சுளித்தாள்.

"என்ன அண்ணி, இன்ஜின் மேல உக்காந்த மாதிரி இருக்கு?"

"பாவம் போகுதும்மா."

"யாரு பாவம்?"

நாத்தனார் கோடரிக்காரனை நிறுத்திவிட்டு நேரே சாமியிடம் போய்க் கைகூப்பினாள்.

"சாமி, குளிர் உங்க ஒடம்புல இருந்துதானே வருது?"

"அதுல என்ன சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. எங்க அண்ணி ரூம்ல கொஞ்ச நேரம் வந்து உக்காருங்க. அது குளுந்துட்டா மரத்த நானே வெட்டித் தரேன்."

"நியாயந்தானே சாமி" என்றது கூட்டம். சாமிக்கு எழுந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். சாமி கண்ணை மூடினார். குளிர் வரவில்லை, வியர்வை வந்தது. முதுகு நனைந்தது, தாடி சொட்டியது. கூட்டம் பக்தியோடு காத்திருந்தது. சாமியால் பொறுக்க முடியவில்லை.

"டேய், அந்த ஏசிய நிறுத்துடா, வேகுறேன்."

சுவருக்கு அப்பாலிருந்து சீடன் கேட்டான். "எத சாமி, சின்னதையா பெருசையா?"

நாத்தனார் துணித்திரையை இழுத்தாள். உள்ளே ஏசியின் காற்றாடி அனலைத் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தது. சாமி எழுந்து ஓடினார். வெயில் பொசுக்கவே, மரத்தடியில் போய் நின்று மூச்சு வாங்கினார்.

"நகருங்க" என்றாள் தையல்காரி. "அது நான் தைக்கிற எடம்."

சூட்டை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டவன் சாமி, வாங்கிக்கொண்டு வெந்தவள் பாவி. உலகம் இப்படித்தான் கொதிக்கிறது, அய்யா. கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுகிற கையைக் கொஞ்சம் நீட்டித் திரையை விலக்கிப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?