வாதி, பிரதிவாதி, டைமிங் பெல்ட்

"சாவியைத் திருப்பாதீங்க! அந்தப் பெல்ட் ஸ்டார்ட் பண்றப்பதான் அறுந்துபோகுமாம்!"

மனைவி அம்சம் வீட்டுக்குள்ளிருந்து போட்ட கூச்சலில் இளையபெருமாள் கார் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நேற்றுவரை எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இளையபெருமாள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இராஜாங்கம்தான் கிளப்பிவிட்டார். அவருடைய கார் சீர்காழிச் சாலையில் நின்றுபோய், பெல்ட் அறுந்து எஞ்சின் மொத்தமும் பாழானதாம். "உங்களுது அரதப்பழசு ஆச்சே சார், பெல்ட்டை எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார். இளையபெருமாளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

எப்போது மாற்றினார்கள்? மெக்கானிக் லியாகத் அலியைக் கேட்கலாமென்றால், மகள் கல்யாணத்துக்குச் சென்னை போனவர் போனை எடுக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்கலாமென்றால், மீட்டர் வண்டி வாங்கிய அன்றைக்கே செத்துக் கிடந்தது.

அன்றைக்குப் பார்த்து நாகப்பட்டினம் ரெவின்யூ கோர்ட்டில் குத்தகை வழக்கு. அப்பா காலத்திலிருந்து உழுதுவரும் நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி, நிலத்துக்காரர் போட்ட கேஸ். இரண்டு தடவை ஆட்சி மாறிவிட்டது, கேஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. போன வாய்தாவுக்குப் பஸ்ஸில் போய், நெல் கொள்முதல் நிலையம் திறக்கச் சொல்லி நடந்த மறியலில் மாட்டிக்கொண்டு, ஆஜராக முடியவில்லை. இன்றும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிடுவேன் என்று விசாரிக்கும் அதிகாரி சொல்லிவிட்டார். வயலில் சம்பா அறுப்புக்கு நிற்கிறது. இன்றைக்கும் மறியல், பஸ் ஓடாது.

"மாத்தினது எப்பன்னு வித்தவரையே கேட்டுடலாமே" என்றாள் அம்சம்.

விற்றவர் வேறு யாருமில்லை, குத்தாலம் நாகேஸ்வரன்தான். கேஸ் போட்ட அதே நாகேஸ்வரன். புரோக்கர் மூலமாக வாங்கியதில், இந்தச் சங்கதி வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"மாத்தியாச்சுன்னு அவர் சொன்னா நம்புவீங்களா?"

"எப்படி நம்பறது? நடுவழியில நின்னு நான் ஆஜராகாம போகணும்னுதானே சொல்வாரு."

"மாத்தலைன்னு சொன்னா?"

"வண்டியை எடுக்க விடாம பண்ற தந்திரம்."

"அப்ப எதுக்குத்தான் கேக்கப் போறீங்க?"

"கேக்கற மாதிரி கேட்டு மூஞ்சியைப் பார்ப்பேன். மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

அம்சம் பின் சீட்டில் ஏறிக்கொள்ள, வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. "இனிமே போய்ச் சேர்ற வரைக்கும் ஆஃப் பண்ணவே கூடாது" என்று முடிவு செய்தார்.

நாகேஸ்வரன் வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடியே இளையபெருமாள் இறங்கினார். நாகேஸ்வரன் வெள்ளை வேட்டி கட்டி, பையோடு, வராத பஸ்ஸுக்காகத் தெருமுனையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எதிராளியைக் கண்டதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எது பேசறதா இருந்தாலும் வக்கீலை வச்சுப் பேசுங்க வாத்தியாரே."

"கேஸ் விஷயம் இல்லைங்க. இந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?"

நாகேஸ்வரன் முகம் இறுகியது. கெட்டுப்போன வண்டியை விற்றதாகப் புதிதாக ஒரு கேஸ் போடப் பார்க்கிறானோ? "எனக்கு ஹாரன் அடிக்கறதைத் தவிர வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றவர், உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "சரசா! பெல்ட்டு மாத்தினோமா?" என்றார்.

சரசா ஜன்னல் வழியாகக் காரையும் இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் வந்தது. "ஞாபகம் இல்லைங்களே. ஆனா அறுந்தா ரொம்ப ஆபத்துன்னு சொல்லிக்கறாங்க."

இளையபெருமாள் நாகேஸ்வரன் மூஞ்சியைப் பார்த்தார். அது எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. திடீரென்று ஒரு யோசனை. வாதியும் தன் வண்டியிலேயே வந்தால்? பெல்ட் அறுந்தால் இரண்டு பேருமே ஆஜர் இல்லை. யாருக்கும் வெற்றியில்லை!

"பஸ் வராது. ஏறுங்க சார், சேர்ந்தே போவோம்."

நாகேஸ்வரனும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். இவனைத் தனியாக விட்டால் இவன் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுவான். விறைப்பாக முன் சீட்டில் ஏறினார். சரசா செருப்பை மாட்டிக்கொண்டு, கூப்பிடாமலேயே வந்து பின்னால் அம்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாட்டுவண்டி வேகத்தில் கார் போயிற்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாகேஸ்வரன் இரண்டு கைகளையும் டேஷ்போர்டில் ஊன்றினார்.

"கொஞ்சம் மிதிக்கலாமே."

"மிதிச்சா அறுந்துடும் சார்."

"மிதிக்கலைன்னா கோர்ட்டு முடிஞ்சுடும்!"

மெயின் ரோட்டில் மறியல் கூட்டம் தெரிந்ததும் இளையபெருமாள் வாய்க்கால் கரையில் திருப்பினார். அது அதைவிட மோசமாயிற்று. எதிரே கரையை அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை இயந்திரம் வந்தது. ரிவர்ஸ் எடுக்கையில் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. எஞ்சின் உறுமியது.

"ஐயோ, பெல்ட்டு!" என்று வாதியும் பிரதிவாதியும் ஒரே குரலில் அலறினார்கள்.

நாகேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கித் தள்ளினார். இரண்டு பெண்களும் தள்ளினார்கள். வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்த நாகேஸ்வரன், கரைக்குக் கீழே தங்கமாகத் தலைசாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்தார்.

"இது யாரு வயலு? இப்படி விளைஞ்சிருக்கு!"

அம்சம் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இதுக்குத்தாங்க நீங்க கேஸ் போட்டிருக்கீங்க."

நாகேஸ்வரன் வரப்பில் இறங்கி ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். வண்டிக்குள் இருந்த இளையபெருமாள் சீட்டிலேயே நெளிந்தார். எஞ்சினை விட்டு இறங்கவும் பயம், இவரை வயலில் தனியாக விடவும் பயம்.

"எங்க அப்பாவுக்கு அப்புறம் இதை நான் வந்து பார்த்ததே இல்லை" என்றார் நாகேஸ்வரன் ஜன்னலருகே வந்து. "பசங்க ரெண்டு பேரும் ஊர்ப்பக்கம் திரும்ப மாட்டாங்க. விட்டுக்கொடுத்தா தோத்த மாதிரி ஆயிடுமேன்னுதான் இழுத்துக்கிட்டிருந்தேன்."

"நானும் அதுக்குத்தான் சார் பிடிவாதமா நின்னேன்."

"நீங்களே உழுங்க. வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்லு மட்டும் குடுத்துடுங்க. சமாதானமா போயிட்டோம்னு ராஜி எழுதிடுவோம்."

"உங்களுக்குன்னு கிச்சிலி சம்பா நெல்லாவே போட்டுடறேன் சார்" என்று இளையபெருமாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"ராஜி எழுதறதுக்கும் போய்ச் சேரணுமே!" என்றாள் அம்சம்.

இயந்திரத்துக்காரர் கயிறு கட்டி வண்டியை இழுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு ஆண்களுக்கும் ஒரே எதிரி அந்தப் பெல்ட்தான். நாகூருக்கு முன்னால் ரயில்வே கேட்டில் எஞ்சின் சூடேறிப் புகை வந்தபோது, வாதி பானெட்டைத் திறந்து பிரதிவாதியின் துண்டால் விசிறினார். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் நேரத்தில், சேறும் சகதியுமாக இருவரும் கைகோத்து உள்ளே ஓடியதைப் பார்த்து இரண்டு வக்கீல்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ராஜி பதிவாயிற்று. வெளியே வந்ததும், திரும்பும்போது பெல்ட் தாங்குமா என்று இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு கவலைப்பட்டார்கள். பெண்கள் வண்டியோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"இப்பவாவது நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சரசாம்மா" என்று அம்சம் கெஞ்சினாள். "அந்தப் பெல்ட்டை எப்பத்தான் மாத்தினீங்க?"

சரசா ஆண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அந்த வீட்ல இந்த வண்டியை ஓட்டினதே நான்தான் அம்சம். இதுல பெல்ட்டே கிடையாது, இரும்புச் செயின்தான், லேசுல அறுந்துபோகாது. அதைக் காலையிலயே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறியிருப்பாங்களா?"