அதுக்குப் பேரெல்லாம் இல்லீங்க

கையில் கேமரா வைத்திருப்பவனுக்கு எதிரே நிற்பவர்களின் மனசு தெரியாது. நெற்றிப் பொட்டு கோணலாக இருப்பது தெரியும், சட்டைப் பையிலிருந்து சீப்பு எட்டிப் பார்ப்பது தெரியும். அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்து நடுங்குகிறார்களா, சிரிப்பை அடக்குகிறார்களா என்பது மட்டும் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையாகிய நான், செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில், வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்திருப்பேனா?

என் பெயர் மணிவண்ணன். வீட்டிலும் வெளியிலும் மணி. சொந்த ஊர் அரியலூர், வேலை பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆபீஸில். செல்போனில் உருப்படியான கேமரா வராத காலம் அது. திருச்சிக்குப் போய் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தேன். அன்றோடு ஆள் கெட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கினால் படம். அம்மா முறுக்குப் பிழிந்தால் படம். (கை மட்டும்தான் விழும். முகத்தை எடுக்கப் போனால் கரண்டி பறந்து வரும்.) ஆபீஸ் கம்ப்யூட்டரில், செல்லப் பிராணிகளையும் குடும்பத்தாரையும் அழகாகப் படமெடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரையைத் தேடிப் பிடித்து மனப்பாடமே செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் பல்லியைத் தவிர வேறு பிராணி கிடையாது. அது போஸ் கொடுக்க மறுத்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் கயல்விழி வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். அவளை அதற்கு முன்பே உறவுக்காரர் கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். சாம்பார் வாளி தூக்கி வந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் எனக்குப் பார்த்த இடங்கள் வரிசையாகத் தட்டிப் போயிருந்தன. "இந்த இடமும் போச்சுன்னா இனிமே எனக்குப் பொண்ணே பாக்க வேணாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது.

அதைவிடப் பயமுறுத்தியது முன் சீட்டில் உட்கார்ந்திருந்த தாய்மாமா. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்ததால் அப்பா அவளுக்குத் துணையாக வீட்டிலேயே இருந்துவிட்டார். எனவே எல்லா அதிகாரமும் மாமாவுக்கு. கோபித்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே கலை. ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையில் விழுந்த அப்பளம் மட்டும் நொறுங்கியிருந்தது என்று எழுந்து வந்தவருக்கு, அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சு வார்த்தை கிடையாது.

கார் போய் நின்றது. வாசலில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் கும்பிட்டபடி நின்றார்கள். ஓரத்தில் முந்திரி மரத்தடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது.

"மணி, அந்தக் கேமராவ வண்டியிலயே வச்சுட்டு வாடா" என்றார் அம்மா.

நாய் விருட்டென்று எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து அம்மாவின் காலடியில் நின்றது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ச்சூ... இந்தா... அந்தாண்ட போ!" என்று துண்டை வீசி விரட்டினார். பெண்ணின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஆஹா, அம்மாவை நாய்க்கே பிடித்துவிட்டது, நல்ல சகுனம் என்று நான் நினைத்துக்கொண்டேன். (என் அறிவைப் பற்றி இனிமேல் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

உள்ளே உட்கார்ந்தோம். கயல்விழி காபி கொண்டு வந்தாள். அம்மா என் பெருமையைத் தொடங்கினார்.

"எங்க மணிக்குக் கோவமே வராதுங்க. வச்சதத் தின்னுட்டுக் கெடப்பான்."

கயல்விழியின் கையில் தட்டு ஆடியது.

"மணி எங்க சுத்துனாலும் விளக்கு வைக்கிறதுக்குள்ள வூடு வந்து சேந்துருவான்."

அவ்வளவுதான். தட்டை அப்படியே ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து யாரோ மூக்கால் சிரித்து, உடனே இருமி மறைப்பது கேட்டது. பெண்ணின் அப்பா கூரையைப் பார்த்தார். பெண்ணின் அம்மா தரையைப் பார்த்தார். என்னை யாரும் பார்க்கவில்லை.

எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, பார்த்ததும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பையா கல்யாணத்தில் பார்த்து நான் மயங்கினேன்? மாமாவின் மீசை லேசாக அசைந்தது. "என்ன மாப்ள, உள்ள ஒரே சிரிப்பா இருக்குது?" என்று என் காதைக் கடித்தார்.

ஏதாவது செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காருக்கு ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தேன். "அக்கா வர முடியலைங்க. பொண்ணு வீட்டாரோட ஒரு போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன். சொன்னது அக்காதான். ஆனால் ஆசை என்னுடையது. ஒரே ஒரு நல்ல படம் எடுத்துக் காட்டிவிட்டால் மதிப்பு வந்துவிடாதா?

வெளிச்சத்துக்காக எல்லோரையும் வாசலுக்கு வரச் சொன்னேன். அப்பா, அம்மா, நடுவில் கயல்விழி. மூன்று பேர். நான் கேமராவைத் தூக்கியதும் என் அம்மா பதறினார்.

"அடப்பாவி, மூணு பேரா நிக்க வச்சு எடுக்காதடா. ஆகாது!"

கயல்விழி ஒரே பெண். நாலாவது ஆளுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போய் நிற்கவும் முடியாது, இன்னும் பேசி முடிக்கவில்லையே. நான் முந்திரி மரத்தடியைப் பார்த்தேன். மனப்பாடம் செய்த கட்டுரை மண்டைக்குள் மளமளவென்று ஓடியது.

"நாயையும் சேத்துக்கலாங்க. அதுவும் வூட்டு ஆளு மாதிரிதானே!"

"அய்யய்யோ, வேணாம் தம்பி!" என்றார் பெண்ணின் அப்பா.

"அவரு வர மாட்டாருங்க" என்றார் பெண்ணின் அம்மா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அது... அது வராதுங்க" என்றார்.

"அதெல்லாம் வரும்மா. பேரச் சொல்லிக் கூப்புட்டா காத வெறச்சுக்கிட்டுப் பாக்கும். அந்த நேரம் பாத்து எடுத்தா படம் பிரமாதமா வரும். பேரு என்னங்க?"

பெண்ணின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பேரெல்லாம் இல்லீங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"டைகருங்க" என்றார் பெண்ணின் அம்மா, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கயல்விழி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாமா வாசலில் போட்டிருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாய் பேரச் சொல்றதுக்கே இந்த வூட்டுல ரெண்டு பேச்சு இருக்குதேக்கா. பொண்ணப் பத்திச் சொன்னதுல எத்தன பேச்சு இருக்குமோ?"

அவர் அதை மெதுவாகச் சொன்னதாக நினைத்தார். தெருவுக்கே கேட்டது. எப்படியாவது இந்தப் படத்தை எடுத்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று, "டைகர்! டைகர்!" என்று கத்தினேன். நாய் தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் டைகர் என்று யாரும் இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

சரி, கட்டுரையில் இன்னொரு யோசனையும் இருந்தது. பிராணியின் கண் மட்டத்துக்கு நாம் இறங்கிவிட வேண்டும். இறங்கினேன். மாப்பிள்ளை என்பதையும், சட்டைக்கு அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்திருந்ததையும் மறந்து, மண்ணில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

நாய்க்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. யாரோ விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று பாய்ந்து வந்து என் பக்கத்திலேயே படுத்துப் புரண்டு, கேமராவின் வாரை வாயில் கவ்வி இழுத்தது. நான் இந்தப் பக்கம் இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் உருண்டோம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. பழக்க தோஷத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டார்.

"டேய் மணி! எந்திரிடா! வெக்கங்கெட்ட நாயே, வந்தவங்க முன்னாடி படுத்துப் பொரளுற!"

நான் துள்ளி எழுந்து, "சரிங்க மாமா" என்றேன்.

நாயும் எழுந்துவிட்டது. மண் ஒட்டிய உடம்போடு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

என் தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அப்பளம் நொறுங்கிய அன்றைக்கும் இப்படித்தான் உதறினாராம். "கெளம்புக்கா. இதுக்கு மேல இந்த வாசல்ல நின்னோம்னா நமக்குத்தான் மரியாத இல்ல. டிரைவர் தம்பி, வண்டிய எடுப்பா!"

"ஐயா, ஐயா, நான் தம்பியச் சொல்லலீங்க, நாயச் சொன்னேன்!"

"நாய் பேரு டைகர்னு இப்பதான சொன்னீங்க?"

"அது பொய்யிங்க. அதுக்கும் மணிதாங்க பேரு. தம்பி ஜாதகம் வர்றதுக்கு முன்னாடியே வச்சுட்டோம். இப்ப மாத்தினா அது திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்க!"

"நல்லாத்தான் சமாளிக்கிறீங்க" என்றார் மாமா. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் கயல்விழியைப் பார்த்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. நாயோடு ஒரு போட்டோவுக்கு ஆசைப்பட்டு இவளை விட்டேனே, எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

கார்க் கதவில் கை வைத்த மாமா திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லும்மா. அந்த நாய் பேரு என்ன?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். ஒரே ஒரு வார்த்தை. அவள் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. கயல்விழியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேங்க."

"பாப்பா, சொல்லித் தொலையேன்!" என்று அவள் அப்பா கெஞ்சினார்.

"மாட்டேன்ப்பா."

"பாத்தியாக்கா?" என்றார் மாமா. "நாய்க்கு அந்தப் பேரா இருந்தா சொல்றதுக்கு என்னவாம்?"

அம்மா மட்டும் காருக்குப் போகாமல் மெதுவாக அவள் பக்கம் போனார். "ஏன் கண்ணு சொல்ல மாட்டேங்குற?"

"ஜாதகம் வந்த நாளாவே நான் அதப் பேர் சொல்லிக் கூப்புடறதில்லீங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"ஆமாங்க!" என்றார் அவள் அப்பா, அப்போதுதான் விளங்கியவராக. "பாப்பா நேரம் கேட்டாக்கூட, 'கடியாரத்துல எத்தன'ன்னுதான் கேக்குது. நான் என்னமோன்னு நெனச்சேன்!"

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் அப்பாவின் பெயர் முருகன். அம்மா வாழ்நாளில் ஒரு தடவைகூட முருகன் கோயில் என்று சொன்னதில்லை. 'அந்தச் சாமி கோயில்' என்றுதான் சொல்வார். புருஷன் பெயரைச் சொல்லாதவருக்கு, சொல்லாத இன்னொருத்தியைத் தெரியாதா? அம்மாவின் கண் கலங்கிவிட்டது. நாங்கள் கொண்டு வந்திருந்த தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். அங்கேயே, நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் பார்க்காமல், கயல்விழியின் தலையில் வைத்துவிட்டார்.

"என்னக்கா பண்ற? என்னதான் நடக்குது இங்க?"

"ஒனக்குப் புரியாதுடா தம்பி. ஒம் பொண்டாட்டி ஒன்னயப் பேர் சொல்லித்தானே திட்டுறா. வந்து உக்காரு."

மாமா வந்து உட்கார்ந்தார். நாய் என் காலை முகர்ந்துகொண்டிருந்தது. அன்று கேமராவில் விழுந்திருந்தது ஒரே ஒரு படம், உருண்டபோது விரல் பட்டு எடுத்தது. திரை நிறைய ஒரு ஈர மூக்கு. அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான்டா இருக்கு" என்றாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. (இப்போதெல்லாம் கயல்விழி என் பெயரைத் தாராளமாகச் சொல்கிறாள். கோபம் வந்தால் மணிவண்ணன் என்று முழுசாகவே வரும்.) ஆனால் மாமியாருக்கு ஒரு சங்கடம். மாப்பிள்ளை பெயரைச் சொல்லி நாயை வாடா போடா என்று எப்படி அதட்டுவது? யோசித்து, நாய்க்கு 'ங்க' போட ஆரம்பித்துவிட்டார். "மணி, வாங்க." "மணி, சோறு ஆறுது, சாப்புடுங்க." என்னை அவர் மாப்ள என்பார். அந்த வீட்டில் மணி என்றால் நாய்தான், அதுவும் மரியாதைக்குரிய நாய்.

தலை தீபாவளிக்கு அங்கே போயிருந்தோம். அம்மா போன் செய்து, "மணி எப்படிங்க இருக்கான்?" என்று கேட்டிருக்கிறார்.

"அத ஏங்க கேக்குறீங்க" என்றாராம் மாமியார். "வெடிச் சத்தத்துல பயந்துபோயிக் கட்டிலுக்கடியில பூந்துக்கிட்டாருங்க. நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. இவங்க காலப் புடிச்சு இழுத்தாக்கூட வெளிய வராம உறுமுறாருங்க."

அடுத்த பஸ்ஸில் அம்மாவும் மாமாவும் வந்து இறங்கிவிட்டார்கள். நான் ஹாலில் அதிரசம் தின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பெற்ற தாய்க்கு அதில் சந்தேகமே வரவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. பிற்பாடு ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் வெடி வெடித்ததும் என் குட்டி மகள் கட்டிலுக்கடியில் தலையை விட்டு, "மணி, பயப்படாதீங்க, வெளிய வாங்க" என்பாள். நான் அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பேன்.