சாமைக் கடைக்கு வந்த துரை

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதலே வானம் மூட்டம் போட்டிருந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்ததேயன்றி, மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யவில்லை. சேலத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடைபெற்ற ஊர்வனக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டி ஒன்றிலிருந்து மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, கள்ளக்குறிச்சிச் சிறுதானிய வியாபாரி கவுஸ் பாஷா ஒரே கேள்வியை நான்காம் முறையாகக் கேட்டார்.

"எலி துன்னுமா, துன்னாதா? அத்த மட்டும் சொல்லு தம்பி."

"எலி மட்டும்தான் சார் திங்கும்," என்றான் பாம்பு விற்கும் தமிழரசன். "இது கிங் ஸ்நேக். அமெரிக்காப் பாம்பு. விஷம் கெடையாது. வீட்ல வச்சு வளர்க்குறதுக்குன்னே பொறந்தது."

எலிக்குப் பகை பாம்பு என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். அந்தப் பாடத்தை நம்பித்தான் கவுஸ் பாஷா பேருந்து ஏறி வந்திருந்தார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையன்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் சங்கவி அவருடைய கடைக்கு வந்து, சாமை மூட்டையின் ஓரத்தில் கிடந்த எலிப் புழுக்கை ஒன்றைக் காகிதத்தில் எடுத்து அவர் கண்ணெதிரே நீட்டியிருந்தார். "இருபத்து நாலாந்தேதி திரும்ப வருவேன் பாய். இன்னொன்னு கண்ணுல பட்டாலும் கடைக்குப் பூட்டுதான்." இருபத்திரண்டு ஆண்டுக் கடை அது. தானியத்துக்கு நடுவே எலி மருந்து வைக்க இயலாது. பூனை வளர்த்தார். அது வீட்டிலிருந்த மீனைத் தின்றுவிட்டு, கடையில் இருந்த எலியோடு சமாதானமாகப் போய்விட்டது. பசை அட்டை வைத்தார். அதில் அவருடைய செருப்புத்தான் ஒட்டியது. ஆகவே பாம்பு.

"வேற கலர் காட்டு," என்றார், துணிக்கடையில் நிற்பவரைப்போல.

தமிழரசன் வரிசையாகக் காட்டினான். கறுப்பில் வெள்ளை வளையம், காப்பித் தூள் நிறம், கத்திரிப்பூ நிறம். கவுஸ் பாஷா எல்லாவற்றையும் தள்ளினார். கடைசியாக இருந்த பெட்டியில், வெண்ணெயில் மஞ்சள் தடவி வளையம் வளையமாகப் போட்டாற்போல, ஒன்றரை அடி நீளத்தில், சிவந்த கண்களுடன் ஒன்று சுருண்டு கிடந்தது.

"இது ஆல்பினோ சார். ஸ்பெஷல் மார்ஃப், அபூர்வமான நெறம். ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி."

"சாயம் போவாதே?"

"பொறவிக் கலர் சார்!"

"இருட்டுல தெரியும் இல்ல?"

"பளிச்சுனு தெரியும்."

அதுதான் அவருக்கு வேண்டும். கவுஸ் பாஷாவுக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். அதிலும் மண்ணின் நிறத்தில் ஒளிந்து கிடக்கும் பாம்பென்றால் உயிரே போய்விடும். சென்ற ஆடி மாதம் கடைக் கிடங்கின் பின்சுவர் ஓட்டையில் ஆளுயரச் சாரைப்பாம்பு ஒன்றைக் கண்டு மூட்டையின்மேல் ஏறியவர், கொத்தனார் வந்து அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்த பிறகே இறங்கினார். இதுவோ படித்த பாம்பு; கண்ணாடிப் பெட்டியில் வசிப்பது; வருவது போவது தெரியும் நிறத்தில் இருப்பது. இரண்டு மாதக் கடை வாடகையை எண்ணிக் கொடுத்து, பதிவுத் தாள்களையும் வாங்கிக்கொண்டு, பெட்டியைத் துணிப்பையில் வைத்துக் கள்ளக்குறிச்சிப் பேருந்தில் ஏறினார். பையைத் தம் மடியில் வைத்துக்கொள்ள அஞ்சிப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் ஒரு பயணச்சீட்டு வாங்கினார்.

மறுநாட்காலை, கடையில் மூட்டை தூக்கும் கரியன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். கல்வராயன் மலைக்காரன், வயது நாற்பத்தைந்து, எந்தப் பொருளையும் கையால் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பிடுவான்.

"இன்னா பாய் இது? மொளகா பஜ்ஜிக்கு மாவு தடவுன மாதிரி கீது."

"அமெரிக்காடா. மரியாதையா பேசு."

"அப்ப தொரைன்னு சொல்லுங்க." பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தான். "கால் கிலோகூட வராதே தொர. நம்ம எலி ஒண்ணொண்ணும் முந்நூறு கிராம் கீது பாய்."

"எடையா முக்கியம்? வம்சம்டா, வம்சம்!"

துரையின் வாசனை பட்டதும் எலிகள் ஊரைவிட்டே ஓடிவிடும் என்பது கவுஸ் பாஷாவின் கணக்கு. எலிகளோ அன்றைக்கே துரையின் பெட்டிக்கு மேல் ஏறி அமர்ந்து கேழ்வரகு தின்றன. சினம் கொண்ட அவர், கூண்டில் அகப்பட்ட எலி ஒன்றைப் பெட்டிக்குள் விடச் செய்தார். எலி மீசையைத் துடைத்துக்கொண்டு துரையை நோக்கி நடந்தது. துரை தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் தலையை நுழைத்துக்கொண்டது.

"பாய், எலி அத்தக் கடிக்கப் போவுது!"

"புடிடா! எலியப் புடி! காப்பாத்துடா!"

எலியிடமிருந்து பாம்பைக் காப்பாற்றிய முதல் வியாபாரி என்னும் பெருமை இவ்வாறாகக் கவுஸ் பாஷாவைச் சேர்ந்தது. மூச்சு வாங்கத் தமிழரசனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயோ சார், உயிரோட எலியப் போட்டீங்களா? அது குட்டி சார். ஃபிரீசர்ல வச்ச வெள்ளைச் சுண்டெலியை வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, ஈரம் தொடச்சு, இடுக்கியால புடிச்சு ஆட்டிக் காட்டணும். வாரத்துக்கு ஒண்ணு."

"வாரத்துக்கு ஒண்ணா? எங்கிட்ட முந்நூறு கீதேப்பா!"

"அதெல்லாம் அது திங்காது சார். வெளி எலியில நோய் இருக்கும். நான் பார்சல் அனுப்புறேன்."

புதன்கிழமை பேருந்தில் பார்சல் வந்தது. கடையில் குளிர்பெட்டி இல்லை, வீட்டில் இருந்தது. கவுஸ் பாஷா அந்தப் பொட்டலத்தைக் காலியான ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் வைத்து, உறைபெட்டியின் அடித்தட்டில் மறைத்தார். வியாழனன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் தரலாம் என்று அவருடைய மனைவி ஷர்புன்னிசா அந்த டப்பாவைத் திறந்தார்.

அலறல் கேட்டு மூன்று வீட்டார் கூடினர். அலறி ஓய்ந்த ஷர்புன்னிசா தொலைபேசியில் நிதானமாகவே பேசினார். அதுதான் கவுஸ் பாஷாவுக்கு அச்சத்தைத் தந்தது.

"ஏங்க, கடையில எலி கீதுன்னு பாம்பு வாங்கினீங்க. சரி. பாம்புக்கு எலி வேணும்னு வூட்டுக்கு எலி கொண்டாந்தீங்க. நாளைக்கு எலிக்கு இன்னா கொண்டாருவீங்க, சொல்லிடுங்க. நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்."

"ஷர்பு, அது சுத்தமான எலிம்மா. கம்பெனி எலி."

"ஃபிரிட்ஜ எடுத்துக்கினு போய் அந்தப் பாம்பு பக்கத்துலயே வச்சுக்கோங்க. நீங்களும் அங்கயே தூங்குங்க."

உறைந்த எலிக்கு இடமில்லை என்றால் உயிருள்ள வெள்ளெலியை வளர்த்துக்கொள்வதே வழி என்று கவுஸ் பாஷா முடிவு கட்டினார். குட்டிகள் பிறந்தால் துரைக்கு ஆயுளுக்கும் உணவுக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், வளர்ப்புப் பறவைகள் விற்கும் கடையில் ஆறு வெள்ளெலிகளை வாங்கி, ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் விட்டுக் கிடங்கில் வைத்தார்.

"பாய்," என்றான் கரியன், "எலிய ஒழிக்கணும்னு ஆரம்பிச்சோம். இப்ப ஆறு ஜாஸ்தியாயிடுச்சு."

"இது வேற அது வேறடா."

"எலிக்குத் தெரியுமா அது?"

சனிக்கிழமை விடியுமுன் தேயிலைப் பெட்டியின் அடிப்பலகை கடிபட்டுப் போயிருந்தது. உள்ளிருந்து கடித்தனவா, வெளியிலிருந்த சொந்தங்கள் வந்து கடித்தனவா என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆறு வெள்ளெலிகளும் தினை மூட்டைகளுக்கிடையே பூப்போலத் தெரிந்தன. கவுஸ் பாஷா கூண்டுகளை எடுத்து வருமுன், வாரந்தோறும் வரகு வாங்க வரும் ராணியம்மாள் அவற்றுள் ஒன்றைக் கண்டுவிட்டார். பையைக் கீழே போட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாய்! புள்ளையாரோட வாகனம் வந்து ஒக்காந்துகினு கீது, நீங்க கூண்டு தூக்கினு வர்றீங்களே!"

"அம்மா, அது நான் காசு குடுத்து..."

"வாங்குன வஸ்துவா இது? தானா வந்ததுங்க. நீங்க குடுத்து வச்சவரு."

கவுஸ் பாஷா கூண்டைக் கீழே வைத்தார். காசு கொடுத்துக் கடைக்குள் எலி விட்டேன் என்று எந்த வியாபாரி கடைத்தெருவில் நின்று சொல்வான்? அன்று மாலைக்குள் பதினைந்து பேர் வந்தனர். ஞாயிறன்று நாற்பது பேர். எவரும் தானியம் வாங்கவில்லை. எல்லாரும் பொரியும் கடலையும் வெல்லமும் கொண்டுவந்து மூட்டைகளின் இடுக்கில் வைத்துப் போயினர். அவர் கூண்டில் கை வைத்தாலே, "பாய், மனசு வருதா உங்களுக்கு?" என்றனர். வெள்ளெலிகளுக்கு வைத்த பொரியைச் சாம்பல் நிறத்து எலிகள் குடும்பத்தோடு வந்து உண்டன. ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரம், இரைச்சலில் வெள்ளெலிகள் மிரளுகின்றன என்று இரங்கி, ராணியம்மாள் ஆறையும் பொறுமையாகப் பிடித்து ஒரு கூடையில் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். சாம்பல் எலிகளைக் கூடையில் வைக்க எவரும் முன்வரவில்லை.

திங்கட்கிழமை காலை கவுஸ் பாஷா கிடங்கைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டியின் மூடி ஒருபுறம் சாய்ந்திருந்தது. துரையைக் காணவில்லை.

அவர் மெல்ல நடந்து, சாமை மூட்டையின்மேல் ஏறினார். ஆடி மாதத்தில் ஏறிய அதே மூட்டை.

"கரியா! மூடிய யாருடா தொறந்தது?"

"நேத்து வந்த கூட்டத்துல யாரு கை பட்டுதோ பாய்."

"தேடுடா!"

கரியன் மூட்டை மூட்டையாகப் புரட்டித் தேடினான். தேடிய பாவனை குறைவின்றி இருந்தது, பாம்புதான் இல்லை. "எங்கயாச்சும் சந்துல கெடக்கும். வெசமில்லாத தொரதானே, எறங்குங்க," என்றான்.

நாட்டில் உள்ள அலுவலர்களிலேயே கண் கூர்மையான ஒருவர் வருவதற்கு ஏழு நாட்களே இருந்தன. கடையில் கணக்கில்லாத எலிகள். அவற்றோடு ஒரு பாம்பு. இரவெல்லாம் கவுஸ் பாஷாவுக்கு உறக்கமில்லை. ஷர்புன்னிசா அண்ணன் வீட்டிலிருந்து, "கடைக்குப் பூட்டுப் போட்டுட்டா சாவியையாவது நான் வச்சுக்கறேன்," என்று செய்தி அனுப்பினார்.

ஆனால் புதன்கிழமை ஓர் அதிசயம் நிகழ்ந்தது. கிடங்கில் கீச்சென்ற ஓசை இல்லை. வியாழக்கிழமை பொரி வைத்தபடியே கிடந்தது. வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு புழுக்கைகூட இல்லை. கவுஸ் பாஷா முதலில் ஐயுற்றார், பிறகு நம்பினார், பிறகு தெருவெங்கும் சொல்லத் தொடங்கினார்.

"கண்ணுக்குத் தெரியாம வேல பாக்குது பாருங்க. நம்மூரு பாம்புன்னா வாலக் காட்டி மனுசனப் பயமுறுத்தும். அமெரிக்கா அமெரிக்காதான். கரியா, இன்னா சொல்ற?"

"ஆமாங்க பாய்," என்றான் கரியன், மூட்டையைத் தோளுக்கு ஏற்றியவாறு. "வேல நல்லாத்தான் நடக்குது."

இருவருமாகக் கிடங்கைக் கூட்டிக் கழுவினர். இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை, பதினொன்றரை மணிக்கு அலுவலர் சங்கவி கைவிளக்குடன் வந்தார். மூட்டைகளை நகர்த்தச் சொன்னார். பலகைகளின் அடியில் பார்த்தார். சுவரோரம் விரலால் தடவினார். கவுஸ் பாஷா ஒவ்வொரு மூட்டை நகரும்போதும் கண்களை மூடிக்கொண்டார்.

"இந்தக் கண்ணாடிப் பொட்டி என்ன?"

"மீன் தொட்டிங்க மேடம்."

"தண்ணி இல்லையே?"

"மீனும் இல்லீங்க மேடம்."

சங்கவி பெட்டிக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு தாளில் கையொப்பமிட்டார். "ஒரு புழுக்கைகூட இல்ல. ரெண்டு வாரத்துல இவ்ளோ சுத்தமா நான் எந்தக் கடையையும் பாத்ததில்ல. நல்லாருங்க பாய்."

அலுவலரின் வண்டி தெருமுனை திரும்பியதும், கவுஸ் பாஷா கிடங்கு வாயிலில் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். ஷர்புன்னிசாவை அழைத்து வெற்றிச் செய்தியைச் சொன்னார். அடுத்துத் தமிழரசனை அழைத்தார்.

"தம்பி, உங்க பாம்பு சிங்கம்பா! அதே கலர்ல இன்னொன்னு எடுத்து வை. ஞாயித்துக்கெழம வரேன். ஒண்ணுக்கு ஒண்ணு தொணையா இருக்கும்."

கரியன் தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். நாற்காலியின் பக்கம் ஒருமுறை குனிந்து பார்த்தான். பிறகு சொன்னான்:

"இன்னொன்னு வேணாம் பாய். நீங்க ஆடி மாசம் அடைச்ச ஓட்டைய போன வாரம் நான்தான் ஒடச்சு வுட்டேன், நம்ம பழைய சாரை வந்து வேல பாக்குது. அது முழுங்கிடப் போவுதேன்னு தொரைய எங்க வூட்டு காலி மொளகாப் பானைல பத்திரமா வச்சிருக்கேன், கால மட்டும் ஆட்டாதீங்க, சாரை இப்ப உங்க நாக்காலிக்கு அடியிலதான் கீது."

அப்போது மணி சரியாகப் பன்னிரண்டு இருபத்து மூன்று.