பெறுநர்: உலக மக்கள் அவர்கள்

தன் பெயரைத் தவிர இந்த உலகத்தில் உள்ள அத்தனை பேர் பெயரிலும் எழுதித் தள்ளிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மேற்படி அண்ணாச்சிதான். தென்காசியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதுகிறார். பக்கத்தில் கூடை வைத்து நான் பழம் விற்கிறேன். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் ரம்புட்டான், மற்ற நாளில் கொய்யா.

வாய்க்கு வாய் 'மேற்படி' என்பதால் வந்த பெயர். டீ குடித்தால்கூட, "மேற்படி டீயில சீனி கம்மி" என்பார்.

மனு எழுதும்போது அவர் அவராக இருக்க மாட்டார். லீவில் வந்த பட்டாளத்துக்காரருக்கு எழுதினால் நெஞ்சு நிமிர்ந்துவிடும். விதவைப் பென்ஷன் என்றால், 'நான் கணவரை இழந்து' என்ற இடத்தில் மூக்கை உறிஞ்சுவார். ஒரு நாள் மனு கேட்டு வந்த அம்மாளே அவரைத் தேற்றினாள். "அழாதிய அண்ணாச்சி. அவரு ஒண்ணும் அவ்வளவு நல்ல மனுசன் இல்ல."

போன ஆனியில் ஜெராக்ஸ் கடை செல்விதான் கிளப்பிவிட்டாள். "ஊருக்கெல்லாம் எழுதுதிய. உங்களுக்குன்னு ஒரு பிளாக் தொடங்குங்க அண்ணாச்சி. தோணுனத எழுதிக் குடுங்க, நான் கம்ப்யூட்டர்ல ஏத்தி விடுதேன்."

"பெறுநர் யாரு?"

"பெறுநரே கெடையாது. யாரு வேணும்னாலும் படிக்கலாம்."

"பெறுநர் இல்லாத மனு எங்கட்டி போய்ச் சேரும்?"

மூன்று நாள் யோசித்து எழுதிக்கொடுத்தார். பெறுநர்: உலக மக்கள் அவர்கள், உலகம். பொருள்: என் வாழ்க்கை வரலாறு தெரிவித்தல் தொடர்பாக. ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். கணவர் இறந்துவிட்டார்.

பழக்கத்தில் கை ஓடிவிட்டது. செல்வியும் எழுதினபடியே ஏற்றிவிட்டாள். மறுநாள் அவர் வீட்டு அம்மா தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். "ஆய்க்குடியில இருந்து எங்க அண்ணன் போன் போட்டுச் சிரிக்கான். நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இவியளுக்குப் புருசன் செத்துப்போனானாம்."

அடுத்தது, ஐந்தருவியில் தண்ணீர் விடக் கோரும் மனு. அன்று சாயங்காலமே மலையில் மழை, காலையில் அருவி கொட்டுகிறது. "பாத்தியளா ஆச்சி, நடவடிக்கை எடுத்துட்டாவ" என்று ஒரு வாரம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் தினமும் செல்வி கடை திறந்ததும் ஒரே கேள்விதான். "ஏட்டி, தபால் உண்டா?"

"தபால் இல்ல அண்ணாச்சி, கமென்ட். அதுவும் இல்ல."

ஒரு மத்தியானம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "நான் எழுதுன மனுவுக்கெல்லாம் பதில் அவிய அவிய வீட்டுக்குத்தான் போவும். எம் பேருக்கு ஒரு பதில் வந்தது கெடையாது. சாரல் முடியுத வரைக்கும் பாப்பேன். அப்புறம் மேற்படி பிளாக்க மூடிருவேன்."

எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் வராது. ஒரு ரம்புட்டானை உரித்து நீட்டினேன்.

சாரல் ஓய்கிற சமயம் அவர் எழுதினதைச் செல்வி தன் போனில் காட்டினாள். அனுப்புநர், பெறுநர், பொருள் ஒன்றையும் காணோம். 'இன்று பழைய குற்றாலத்தில் குளித்தேன். தண்ணீர் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை.' அவ்வளவுதான்.

நான் அஞ்சாவது படித்தவள். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். பிறகு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று செல்வியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவள் போனிலேயே கமென்ட் போடுகிற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினேன். அதற்குள் பழம் வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். 'மனு கிடைத்தது. படித்தேன். எனக்கும் குளித்த மாதிரி இருந்தது.' பெயர் போட வெட்கம், போடவில்லை.

மறுநாள் அண்ணாச்சி அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனு எழுத வருகிறவர்களிடமெல்லாம் நீட்டி, "நீங்களா?" என்று கேட்கிறார். புளியறையில் இருந்து வந்த லாரிக்காரரைக்கூட விடவில்லை. என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

"அனுப்புநர் பேர் இல்லாட்டா செல்லாது ஆச்சி. ஆனா இத எப்படித் தூக்கிப் போட?" என்றார். பிளாக்கை மூடவில்லை. வாரம் ஒன்று எழுதுகிறார்.

நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையை அண்ணாச்சி விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆகவே வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அனுப்புநர்: பழக்கூடைக்காரி, உங்களுக்கு இடது பக்கம்.