சிங்கத்தின் பிடரியும் இரண்டு மெஷின்களும்

ஒரு காட்டில் ஒரு சிங்க ராஜா இருந்தார். நம்ம பக்கத்துக் காட்டில் சிங்கம் ஏது என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இன்னும் கொஞ்ச தூரத்தில் கரடி பச்சை குத்தப்போகிறது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

காட்டு ஓரமாக ஒரு மலைப்பாதை. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பொரி போட்டு செல்ஃபி எடுப்பார்கள். குரங்கு பொரியைத் தின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு தரப்புக்கும் பழகிப்போன ஏற்பாடு. ஒருநாள் குரங்கு தூக்கி வந்த பை, உடம்பெல்லாம் படம் வரைந்திருந்த ஒரு பையனுடையது. பச்சை குத்துகிறவன். பைக்குள் தின்ன ஒன்றும் இல்லை. இரண்டு மெஷின்கள், ஊசிகள், மை பாட்டில்கள், ஒரு டியூப். ஆத்திரத்தில் குரங்கு மரத்து மேலிருந்து பையைத் தலைகீழாக உதறியது.

டியூப் சிங்க ராஜாவின் காலடியில் விழுந்தது.

"இது என்ன மந்திரி?"

குள்ளநரி மந்திரி டியூப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. படிக்கத் தெரிந்த மாதிரி நடிப்பதில் அதற்கு நல்ல அனுபவம். "முடிக்குப் போடுறது ராஜா."

ராஜா பிடரி மயிர் முழுக்க அப்பிக்கொண்டார். சாயங்காலம் தலையை ஒரு உதறு உதறினார். பிடரி மொத்தமும் கழன்று பக்கத்துப் புதரில் போய் உட்கார்ந்தது. உரித்த கோழி மாதிரி நின்றார் ராஜா.

"முடிக்குன்னுதான் சொன்னேன் ராஜா. வளர்றதுக்குன்னு நான் சொல்லவே இல்லையே" என்றது நரி, எட்டி நின்று.

மெஷின்கள் விழுந்தது கரடி தடியப்பன் தலையில். தலை தடித்த தலை. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. யானை வராமலிருக்க எஸ்டேட்காரர்கள் போட்டிருந்த சோலார் வேலியிலிருந்து தடியப்பன் பேட்டரியைப் பிடுங்கி வந்து வயரை மாட்டியது. (அன்றிலிருந்து யானைகள் எஸ்டேட்டுக்குப் போய் வாழை தின்றுவிட்டு வரும்போதெல்லாம் கரடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயின.)

முதலாவது காயில் மெஷின், அதாவது கம்பிச்சுருள் மெஷின். இரும்புச் சட்டம், செம்புக் கம்பி சுற்றிய இரண்டு உருளை, மேலே ஒரு பட்டை, ஒரு ஸ்பிரிங். கரண்ட் பாய்ந்தால் உருளை காந்தமாகிப் பட்டையை இழுக்கும். இழுத்ததும் கரண்ட் அறுந்துவிடும். ஸ்பிரிங் பட்டையைத் திரும்பத் தூக்கிவிடும். இழுக்கிறதும் விடுகிறதுமாக ஊசியைச் சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரிதான். ஆனால் இதில் வேலை நடக்கும்.

தடியப்பன் அழுத்தியதும் 'டர்ர்ர்ர்ர்' என்றது. மரத்து மைனாக்கள் எல்லாம் பறந்தன. கரடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இதுதான்டா மெஷினு! சைலன்சர் கழட்டுன பைக் மாதிரி இல்ல?"

இரண்டாவது ரோட்டரி. பேனா மாதிரி ஒல்லி. உள்ளே ஒரு குட்டி மோட்டார் சுற்றும், ஊசி ஏறி இறங்கும், அவ்வளவுதான். கொசு குறட்டை விட்டால் எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம். தடியப்பன் காதில் வைத்துப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது.

"இது செத்துப்போச்சு. டேய் மெல்லம், இந்தா, முதுகு சொறிய வச்சுக்கோ."

மெல்லமுத்து என்பது தேவாங்கு. முகத்தில் பாதி கண். ஒரு கிளையை விட்டு அடுத்த கிளைக்குப் போவதற்குள் அந்தக் கிளை பூத்துக் காய்த்துவிடும். அது ரோட்டரியை வாங்கிப் பார்த்தது. கை நடுங்காமல் பிடிக்கத் தோதாக இருந்தது.

"சத்தமே இல்லையேண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"சத்தம் இல்லாத மெஷினும் கொம்பு இல்லாத மாடும் ஒண்ணுடா. போ, போ."

சரி, மெஷின் கிடைத்துவிட்டது. பழக வேண்டாமா? சுற்றுலாக்காரர்களின் போனைத் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தே அறிவாளியாகிவிட்ட குரங்குதான் வழி சொன்னது.

"டவுன்ல முதல்ல பூசணிக்காயில பழகுவாங்க. அப்புறம் பன்னித் தோல்ல."

காட்டுப்பன்றி பொத்தையாவுக்குத் திக்கென்றது. "தோலுக்குள்ள பன்னி இருக்குமா, இருக்காதா?"

"அதை வீடியோவுல காட்டல."

தடியப்பன் பூசணிக்காயைத் தின்றுவிட்டு நேராகப் பொத்தையாவிடம் வந்தது. வேகத்தை முழுக்க ஏற்றி, ஊசியைக் கடப்பாரை மாதிரி இறக்கி, பன்றியின் முதுகில் ஒரு ரோஜாப்பூ போட்டது. மை தோலுக்குக் கீழே போய்ப் பரவி, வேலை முடிந்தபோது அது காலிஃபிளவராக இருந்தது.

"பாத்தியா, உனக்கு வலிக்கவே இல்ல" என்றது கரடி.

"வலிக்கலையாவா? நான் கத்துன கத்துல தொண்டை கிழிஞ்சுபோச்சுண்ணே!"

"நீ எப்படா கத்துன?"

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மான்களும் ஆமாம் என்று தலையாட்டின. டர்ர்ருக்கு நடுவில் அவற்றுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பொத்தையா வாயைப் பிளந்ததை, கொட்டாவி விடுகிறது என்றே நினைத்திருந்தன.

மெல்லமுத்து பூசணிக்காயிலேயே கிடந்தது. காயைக் கீறாமல் மேல்தோலில் மட்டும் மை நிற்கும்படி ஊசியை எவ்வளவு இறக்குவது, கை மெதுவாகப் போனால் மோட்டாரையும் எவ்வளவு மெதுவாக்குவது, தோலை மூன்று விரலால் எப்படி இழுத்துப் பிடிப்பது என்று காய் காயாகக் கற்றது. காட்டில் இருந்த பூசணிக்கொடி முழுக்கப் படமாகிவிட்டது. அப்புறம்தான் பொத்தையாவின் காதோரம் ஒரு எறும்பு போட்டது. பொத்தையா காதை உதறிக்கொண்டே இருந்தது, எறும்பு போகவில்லை.

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல மெல்லம். கரடியண்ணன் குத்துனா ரோட்டை உடைக்கிற மாதிரி இருக்கு. உன்னது கட்டெறும்பு கடிக்கிற மாதிரிதான். ஆனா ஒரு சங்கடம்டா. உன்கிட்ட குத்திக்கிறப்ப நான் லேசா முனகுனதுக்கே மானுங்க சிரிக்குது. மானம் போகுது."

"அதுக்கும் மெஷினுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றது மெல்லமுத்து. சின்ன வயசு, உலகம் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் காட்டுச் செந்நாய்கள் எல்லைப் பேச்சுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பிடரி இல்லாத ராஜாவைப் பார்த்தால் எல்லையை மட்டுமா கேட்கும்? நரி ஒரு யோசனை சொன்னது. முளைக்கிற வரைக்கும் பிடரியைப் பச்சை குத்திக்கொண்டால் என்ன? தூரத்திலிருந்து பார்க்கிற செந்நாய்க்கு முடிக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியவா போகிறது?

கரடிக்கும் தேவாங்குக்கும் ஆள் போனது. நரி விவரம் சொன்னது.

"இடது பக்கம் கரடி. வலது பக்கம் தேவாங்கு. ராஜாவுக்கு யார் வேலை பிடிக்குதோ அவர் பிடரி மந்திரி. இன்னொருத்தருக்கு ராஜாவோட விருந்து."

"தோத்தவனுக்கும் விருந்துக்கு அழைப்பா? பெரிய மனசு" என்றது மெல்லமுத்து.

"அழைப்புன்னு யார் சொன்னா?" என்றது நரி.

மெல்லமுத்துவின் கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாயின. அதற்கு மேல் பெரிதாக முகத்தில் இடமில்லை.

சாயங்காலம் காடே பாறையைச் சுற்றிக் கூடியது. ராஜா படுத்தார். முதலில் தடியப்பன். மெஷினை அழுத்தியது. டர்ர்ர்ர்ர்! மரம் அதிர்ந்தது, குளத்துத் தண்ணீர் நடுங்கியது. ஊசி பட்டதும் ராஜா வாயை முழுசாகப் பிளந்தார். கண்ணை இறுக்கிக்கொண்டார். பிளந்த வாய் மூடவே இல்லை.

"பாருடி, கொட்டாவி விடுறாரு" என்று ஒரு மான் இன்னொரு மானின் காதுக்குள் கத்தியது. "இத்தனை குத்து வாங்கியும் தூக்கம் வருது! ராஜான்னா ராஜாதான்."

பொத்தையாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. முதுகுக் காலிஃபிளவரைத் தடவிக்கொண்டது.

கரடி முடித்தது. இடது கழுத்தில் யாரோ சேமியாவைக் கொட்டிக் காயவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்தது மெல்லமுத்து. மூன்று விரலால் தோலை இழுத்துப் பிடித்தது. மெஷினை ஓடவிட்டது. காடே மூச்சு விடாமல் பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. ஊசி தோலைத் தொட்டது.

"ஐயோ அம்மா!"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"மெதுவாடா... அம்மா... அம்மாடி... என் கண்ணு இல்ல, செத்த நேரம் விட்டுக் குத்துடா..."

ஊசி போன இடத்தில் காற்றில் பறக்கிற மாதிரி ஒவ்வொரு முடியாக வந்துகொண்டிருந்தது. நிஜப் பிடரிகூட அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. ஆனால் பிடரியை யார் பார்த்தார்கள்? முயல்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்கின. ஒரு மான்குட்டி கணீரென்று கேட்டது:

"அம்மா, ராஜாவும் வலிச்சா அம்மாவைத்தான் கூப்பிடுவாரா?"

ராஜா எழுந்து உட்கார்ந்தார். பாதி வரைந்த வலது கழுத்து, சேமியா கொட்டிய இடது கழுத்து, நடுவில் முகம்.

"அழுதது யாரு?"

ராஜா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் மெல்லமுத்துவிடம் வந்து நின்றார். நாக்கால் உதட்டை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாகவே செய்த மெல்லமுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை வேகமாகச் செய்தது.

"மெஷின்தான் ராஜா!"

"என்னது?"

"இந்த ரோட்டரி மெஷினு. ஓடுறப்ப இந்தச் சத்தம் வரும். மட்டமான மெஷினு." சொல்லும்போது அது மெஷினை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டது, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"மெஷின் எதுக்குடா அம்மாங்குது?"

"வெளிநாட்டுச் சரக்கு ராஜா. ஊர் ஞாபகம் வந்தா அழும்."

"கண்ணுன்னு வேற சொல்லுச்சே?"

"என்னைத்தான் ராஜா. ஒண்ணா இருந்து பழகிடுச்சு."

ராஜாவின் முகம் தெளிந்தது. ஆனால் நரிக்கு யாராவது மாட்டிக்கொண்டால்தான் பொழுது போகும். "அப்படியா? எங்க, எல்லாருக்கும் முன்னால ஓட்டிக் காட்டு பாப்போம்."

மெல்லமுத்து மெஷினை உயர்த்திப் பிடித்து ஓட்டியது. சத்தம் இல்லை. கொசுக் குறட்டைகூட அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை. நரி பல்லைக் காட்டியது. ராஜா வயிற்றைத் தடவினார். மெல்லமுத்து ஒருமுறை நரியைப் பார்த்தது, ஒருமுறை ராஜாவைப் பார்த்தது.

"தோல்ல பட்டாத்தான் மந்திரியாரே சத்தம் வரும்" என்று சொல்லி, ஊசியை ராஜாவின் கழுத்தில் வைத்தது.

"ஐயோ அம்மா!"

"கேட்டீங்களா?" என்றது மெல்லமுத்து.

"கேட்டோம், கேட்டோம். மெஷினேதான்!" என்று காடு முழுக்கச் சத்தியம் செய்தது. பொத்தையாதான் ரொம்பச் சத்தமாகச் சொன்னது.

"நானும் அப்பவே நினைச்சேன்" என்றார் ராஜா.

அன்றே அறிவிப்பு வந்தது. காயில் மெஷின் ஓடினால் ராஜாக்களுக்குக் கொட்டாவி வரும், ஆகவே உயர்ந்தது. ரோட்டரி மெஷின் ஓடினால் அழும், ஆகவே மட்டம். கரடி தடியப்பன் பிடரி மந்திரி.

அப்படியானால் விருந்து? ராஜா வாயைத் திறந்துகொண்டு மெல்லமுத்துவை நோக்கி வந்தவர், குளத்துத் தண்ணீரில் தன் கழுத்தைப் பார்த்துவிட்டார். இடது பக்கம் சேமியா. வலது பக்கம் பாதிப் பிடரி, ஆனால் பிடரி. ராஜா கோழையாக இருக்கலாம், கண் நன்றாகத் தெரியும்.

"மந்திரி, இவன் வலது பக்கத்தை முடிக்கட்டும். இடது பக்கத்தையும் மேல போட்டுச் சரி பண்ணட்டும்."

"ஆனா அந்த மெஷின் மறுபடி அழுமே ராஜா?" என்றது நரி, ரொம்ப அக்கறையாக.

"அதுக்குத்தானே பிடரி மந்திரி இருக்காரு. ஊசியைக் கழட்டிட்டு அவர் மெஷினைப் பக்கத்துல ஓட்டச் சொல்லு."

அப்படியே நடந்தது. மெல்லமுத்து குத்தியது. தடியப்பன் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு டர்ர்ர்ர்ர் என்று ஓட்டியது. ராஜா நிம்மதியாக வாயைப் பிளந்து அழுது தீர்த்தார். அன்றைய விருந்துக்கு, பழகிப் போட்ட பூசணிக்காய்கள்தான் மிஞ்சின. கேள்வி கேட்ட மான்குட்டியைக் கூட்டிக்கொண்டு அதன் அம்மா அடுத்த காட்டுக்கு எப்போதோ கிளம்பியிருந்தது.

செந்நாய்கள் வந்தன. பிடரியைப் பார்த்தன. எல்லையை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயின. கொஞ்ச நாளில் நிஜமான பிடரி முளைத்து, மெல்லமுத்து போட்டதையும், அதற்கு அடியில் கிடந்த சேமியாவையும் சேர்த்து மூடிவிட்டது. மிஞ்சியது அறிவிப்பு மட்டும்தான்.

அப்புறம் காட்டில் பச்சை குத்தப் பழகுகிற மோகம் பிடித்துக்கொண்டது. எல்லாரும் தடியப்பனிடம்தான் போனார்கள். முதல் பாடமே, எந்த மெஷின் எப்படிச் சத்தம் போடும் என்பது. கரடிக்கு வேறு தொழிலும் பெருகியது. புலியின் பெண்டாட்டி புலியைத் திட்டுகிற நாளில் புலியே கரடியைக் குகை வாசலுக்கு வரவழைத்து மெஷினை ஓட்டச் சொல்லும்.

குரங்கு தூக்கி வந்த வேறொரு பையில் ஒரு புது ரோட்டரி இருந்தது. ஒரு அணில் அதைக் கேட்டு வாங்கியது. ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் வாடி மெல்லமுத்துவிடம் தூக்கி வந்தது.

"அண்ணே, இது பழுது. எவ்வளவு ஓட்டுனாலும் அழவே மாட்டேங்குது."

மெல்லமுத்து வாங்கிக் காதில் வைத்துக் கேட்டது. வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது மோட்டார். அது ஏதோ சொல்ல வாயெடுத்தது. தூரத்தில் பாறை மேல் ராஜா படுத்திருப்பது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டது. அணிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டியது. மெஷினை ஓடவிட்டு, மெல்லிய குரலில் அழுதது.

"ஐயோ அம்மா..."

"ஆங்! இப்ப சரியாயிடுச்சு!" என்று அணில் துள்ளியது.

அன்றிலிருந்து மெல்லமுத்துவிடம் யார் பச்சை குத்த வந்தாலும் இதே கதைதான். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்கும், ஒரு கை குத்தும், வாய் அழும். ஒருநாள் அந்த வழியாக வந்த பொத்தையா நின்று கேட்டது:

"என்ன மெல்லம், எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லண்ணே. மெஷின் ஓடுது."

நீதி: மெஷின் வாங்கப் போகிறவர்கள், ராஜா அழுதது எதில் வெளியே கேட்டது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, மற்றதை வாங்கவும்.