தண்ணீர் இறங்காத வாசல்

ஞாயிறு காலை ஆறரை மணி. வாசலில் ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஒரு கணவன். கணவன் நான்தான். என் மனைவிக்கு உறவினர்கள் வைத்த பெயர் ‘மேலதிகாரி’. வீட்டில் கீழதிகாரி என்று யாரும் கிடையாது, நேராக நான்தான்.

தகராறு முன்வாசல் மண்ணைப் பற்றியது. சிமென்ட் போட்டு அங்கே என் காரை நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு நான் சொந்தமாகக் கண்ட ஒரே கனவு அது. பள்ளம் தோண்டி, செடி நட்டு, மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்படி ஒரு மழைத் தோட்டம் போட வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு.

“மழை பெஞ்சா தெருக் குப்பை, உங்க கார்ல இருந்து ஒழுகுற எண்ணெய் எல்லாம் வடிகால்ல அடிச்சிக்கிட்டு நேரா கடலுக்குப் போகுது. உடனே கடல்ல இறங்கக் கூடாதுன்னு கரையில சிவப்புக் கொடி. நான் நிம்மதியா நீந்தி எத்தனை நாளாச்சு?”

“நம்ம வாசல் தண்ணிய மண்ணுல இறக்கிட்டா கடல் சுத்தமாயிடுமா?”

“நம்ம வாசல்ல சிமென்ட் போட்டா சுத்தமாயிடுமா?”

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவது. சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டால் தோட்டம். தேங்கி நின்றால் அந்த மண் லாயக்கில்லை, சிமென்ட்.

தோண்டினேன். அவள் உள்ளே போன சமயம், புது மெத்தையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டை வெட்டிக் குழிக்குள் விரித்து, மேலே மண்ணைத் தூவினேன். சாயங்காலம் தண்ணீர் அப்படியே நின்றது. நான் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“அடப் பாவமே! சரி, ஒரு இடத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது. அடுத்த வாரம் பக்கத்துல தோண்டிப் பாருங்க.”

தோண்டினேன். விரித்தேன். நின்றது. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன சார், புதையலா?”

“மண் பரிசோதனை.”

“மண்ணுக்கா, உங்களுக்கா?”

நாலாவது குழி முடிந்தபோது என் இடுப்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. ஆனால் மனசு துள்ளியது. மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டேன்.

மேலதிகாரி நாலு குழிகளையும் சுற்றி வந்தாள்.

“போதுங்க. நடுவுல இருக்கிற மண்ணைத் தட்டிவிட்டா தோட்டத்துக்கு வேண்டிய பள்ளம் வந்துடும்.”

“தண்ணிதான் இறங்கலையே!”

“அந்த மெத்தை உறையெல்லாம் எடுத்துட்டா இறங்கிடும்.”

“உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“முதல் குழியிலேயே. தண்ணிக்கு அடியில மெத்தைக் கடை பேரு தெரிஞ்சுதே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா ஒரு குழியோட நிறுத்தியிருப்பீங்க.”

நவம்பர் மூன்றாம் தேதி, தையல்காரர் வீட்டு வாசலிலும் மழைத் தோட்டத்துக்குப் பள்ளம் தோண்டப்பட்டது. ஆள் அனுப்பியது மேலதிகாரி. தோண்டியது நான்.