காய்க்காத புதரை அறுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி டெல்மருக்கு, அண்ணி ஆர்லீன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் இடுப்பு வலி இல்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நான் இருக்கிறேன்.

போன வருஷம் உன் அண்ணனை அடக்கம் பண்ணிய மறுநாள், ஒத்தாசை செய்கிறேன் என்று ரம்பத்தோடு வந்தாயே. பின்பக்கச் சதுப்பில் அவர் நட்ட விண்டர்பெர்ரிப் புதர்கள் சிவக்கச் சிவக்கக் காய்த்து நிற்க, ஒன்று மட்டும் சும்மா நின்றது. "காய்க்காத செடி எதுக்கு அண்ணி, தண்டமா எடத்த அடைச்சிக்கிட்டு?" என்று அடியோடு அறுத்துப் போட்டுவிட்டு, நான் வேகவைத்த பீன்ஸில் இரண்டு தட்டு தின்றுவிட்டுப் போனாய். நானும் நன்றி சொன்னேன். இந்த வருஷம் எந்தப் புதரிலும் ஒரு காய் இல்லை. நாற்றுப் பண்ணை ஐனெஸிடம் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "அடிப்பாவி, அதுதான்டி ஆம்பளைச் செடி. அது காய்க்காது. அது இல்லாட்டி மத்ததும் காய்க்காது. போயும் போயும் டெல்மரையா செடிகிட்ட விட்ட?"

பனியில் ராபின் குருவிகள் வந்து அந்தக் காயைத் தின்பதைப் படுக்கையிலிருந்து பார்த்துத்தான் உன் அண்ணன் கடைசிப் பனிக்காலத்தை ஓட்டினார். "நான் போனாலும் அதுங்க பட்டினி கெடக்கக் கூடாது ஆர்லீன்" என்றார். சரி என்றேன். அதனால் ஆண் கன்று ஒன்று வாங்கி நட்டேன். அன்றைக்கே மான் நுனியைக் கடித்தது. வாசத்துக்கு மான் வராதென்று சோப்பு கட்டித் தொங்கவிட்டேன், ரக்கூன் தூக்கிப் போய்விட்டது. முடி வெட்டும் கடையில் முடி வாங்கிக் காலுறையில் அடைத்துக் கட்டிக்கொண்டிருந்தால் பாதிரியார் வந்து நிற்கிறார். "தனியா இருக்கியேம்மா, தொணைக்கு யாரையாச்சும் வரச் சொல்லட்டுமா?" கடைசியில் ஐனெஸ்தான், "வேர்வை நாத்தம் புடிச்ச ஆம்பளைச் சட்டையக் கட்டு, மான் அண்டாது" என்றாள். வீட்டில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. துவைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கட்டினேன். மான் வரவில்லை. அப்புறம் விடாத மழை. சட்டையை முகர்ந்து பார்த்தேன், மழை வாசம்தான் அடித்தது.

ஆகவே தம்பி, கன்று பிழைத்துவிட்டது, உன் ஒத்தாசை வேண்டாம். கிறிஸ்மஸுக்கும் வரவேண்டாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும், உன் கைகளிலிருந்து ஊரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி ஆர்லீன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் போய்ப் பார்த்தால் கன்றை மான் தரையோடு மேய்ந்திருக்கிறது. வேறு வாங்கி நடலாம், குழி தோண்ட வா. அவருடைய வேட்டைக் கோட்டை நீ எடுத்துப் போனாய் அல்லவா, அதைத் துவைத்துவிடாமல் கொண்டுவா. மானுக்குக் கட்ட அல்ல.